'பெரிய காஞ்சிபுரம்' பொருந்தும், 'சின்ன காஞ்சிபுரம்' பொருந்தாது: எழுத்து சுடோகு போடுவது எப்படி?

சின்ன காஞ்சிபுரம். இந்தப் பெயரில் எத்தனை எழுத்து என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். சி, ன், ன, கா, ஞ், சி, பு, ர, ம். மொத்தம் 9.

9 என்றதும் சுடோகு ஆடுபவர்களுக்குக் கை பரபரக்கும். 1 முதல் 9 வரையிலான எண்களுக்குப் பதில் இந்த 9 எழுத்துகளைப் போட்டு ஒரு புதிர் செய்யலாமே? ஆனால் ஒரு சிக்கல். 'சி' இரண்டு முறை வந்துவிட்டது. ஒரு வரிசையில் எந்த எழுத்தும் திரும்ப வரக் கூடாது என்பது சுடோகுவின் அடிப்படைச் சட்டம். ஒரு 'சி'யால் வாய்ப்பு போச்சு.

பக்கத்திலேயே இருக்கிற பெரிய காஞ்சிபுரத்தைப் பாருங்கள். பெ, ரி, ய, கா, ஞ், சி, பு, ர, ம். அதுவும் 9 எழுத்துதான். ஒன்றுகூடத் திரும்ப வரவில்லை. எழுத்து சுடோகுவுக்கென்றே வைத்த பெயர் மாதிரி கச்சிதம்!

வரதராஜப் பெருமாள் கோயில் இருக்கும் சின்ன காஞ்சிக்காரர்கள் இதை அவ்வளவு எளிதில் விட்டுவிட மாட்டார்கள். அவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. அதைக் கடைசியில் பார்ப்போம். அதற்கு முன், எழுத்து சுடோகு என்றால் என்ன, அதைப் போடுவது எப்படி, தமிழில் போடும்போது மட்டும் வரும் சிக்கல் என்ன?

சுடோகு எண் விளையாட்டா?

பெயரைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 'எண்கள் தனியாகவே இருக்க வேண்டும்' என்ற பொருளுள்ள ஜப்பானிய வாசகத்தின் சுருக்கம்தான் சுடோகு. 1984-ல் ஜப்பானின் நிகோலி நிறுவனம் இந்தப் புதிரை வெளியிடத் தொடங்கியபோது ஒட்டிக்கொண்ட பெயர் இது. ஆனால் புதிர் பிறந்தது அமெரிக்காவில். ஹோவர்ட் கார்ன்ஸ் என்ற கட்டடக்கலைஞர் உருவாக்கிய புதிர், 1979-ல் டெல் நிறுவனத்தின் புதிர் இதழில் வேறு பெயரில் வந்தது. 2004 நவம்பரில் லண்டனின் 'தி டைம்ஸ்' நாளிதழ் வெளியிடத் தொடங்கிய பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது.

இதற்கெல்லாம் முன்னோடி ஒன்று உண்டு. 18-ம் நூற்றாண்டில் லியோனார்ட் ஆய்லர் என்ற கணித மேதை, ஒவ்வொரு வரிசையிலும் நெடுவரிசையிலும் ஒரு குறி ஒரு முறை மட்டும் வரும் சதுரங்களை ஆராய்ந்தார். அவற்றுக்கு 'லத்தீன் சதுரம்' என்று பெயர். காரணம், கட்டங்களை நிரப்ப அவர் லத்தீன் எழுத்துகளைப் பயன்படுத்தினார். ஆக, கட்டத்துக்குள் எழுத்து வந்தது முதலில். எண் பிறகு வந்த விருந்தாளி.

எண் சுடோகுவில் கூட்டல், கழித்தல் எதுவும் கிடையாது. 7 என்பது வெறும் ஓர் அடையாளம். அதை எடுத்துவிட்டு 'பு' என்று போட்டாலும் புதிரின் கணக்கு கொஞ்சமும் மாறாது. 9x9 சுடோகுவுக்கு ஒரே விடை வர வேண்டுமானால் குறைந்தது 17 கட்டங்களாவது முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்க வேண்டும் என்று டப்ளினைச் சேர்ந்த கணிதவியலாளர் கேரி மெக்குவயரின் குழு 2012-ல் கணினி மூலம் நிரூபித்தது. அந்தக் கணக்கு எழுத்துக்கும் அப்படியே பொருந்தும்.

அப்போ என்னதான் வித்தியாசம்? 1, 2, 3 சேர்ந்தால் 123, அவ்ளோதான். எழுத்துகள் சேர்ந்தால் ஒரு சொல் வரும். நல்ல எழுத்து சுடோகுவில் ஏதாவது ஒரு வரிசையிலோ மூலைவிட்டத்திலோ அந்தச் சொல் ஒளிந்திருக்கும். புதிரை முடித்தால் சொல் தானாக வெளியே வரும்.

தமிழில் எது ஓர் எழுத்து?

ஆங்கிலத்தில் 26 எழுத்துதான். அதற்குள் 9 வெவ்வேறு எழுத்துகள் கொண்ட சொல்லைத் தேட வேண்டும். தமிழில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என்று 247. 'ர' வேறு, 'ரி' வேறு. அதனால்தான் பெரிய காஞ்சிபுரத்தில் 'ரி', 'ர' இரண்டும் இருந்தும் தப்பித்தோம். புதிர் போடுபவருக்கு இது பெரிய வசதி.

ஆனால் புள்ளி வைத்த எழுத்தை எண்ணுவதா, வேண்டாமா? இது இன்றைய கேள்வி இல்லை. கட்டளைக் கலித்துறை என்ற பா வகையில் ஓர் அடிக்கு 16 அல்லது 17 எழுத்து இருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. அதில் ஒற்றெழுத்துகளை விட்டுவிட்டுத்தான் எண்ணுவார்கள். அந்தக் கணக்கில் காஞ்சிபுரம் கா, சி, பு, ர என 4 எழுத்தாகிவிடும். எல்லாவற்றையும் எண்ணினால் 6. புதிர் போடுபவர் எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டார் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒற்றும் ஓர் எழுத்துதான்.

கணினிக்கு மூன்றாவதாக ஒரு கணக்கு இருக்கிறது. யூனிகோட் முறையில் 'கா' என்பது 'க' ஒரு குறியீடு, துணைக்கால் இன்னொரு குறியீடு. 'ஞ்' என்பதில் புள்ளிக்குத் தனிக் குறியீடு. அதன்படி காஞ்சிபுரம் 11. சின்ன காஞ்சிபுரம், பெரிய காஞ்சிபுரம் இரண்டுமே, இடைவெளியைச் சேர்க்காமல், தலா 16. ஆங்கிலத்துக்காக எழுதிய புதிர் மென்பொருளில் தமிழ்ச் சொல்லைப் போட்டால், துணைக்கால் ஒரு கட்டத்திலும் கொம்பு இன்னொரு கட்டத்திலும் அநாதையாக நிற்பது இதனால்தான். குறியீடுகளை எண்ணாமல், முழு எழுத்தாகச் சேர்த்துப் பிரிக்கும்படி நிரல் எழுதினால் இந்தச் சிக்கல் தீரும்.

எந்தப் பெயர் எந்தக் கட்டத்துக்கு?

சுடோகு 9x9 ஆகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எழுத்துகளின் எண்ணிக்கையைச் சம அளவுள்ள செவ்வகப் பெட்டிகளாகப் பிரிக்க முடிந்தால் போதும். காஞ்சிபுரத்துப் பெயர்களையே வைத்துப் பார்க்கலாம்.

காமாட்சி: கா, மா, ட், சி. 4 எழுத்து. 2x2 பெட்டிகள். சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றது.

காஞ்சிபுரம்: 6 எழுத்து. 2 வரிசை, 3 நெடுவரிசை கொண்ட பெட்டிகள்.

அத்திவரதர்: அ, த், தி, வ, ர, த, ர். 7 எழுத்தும் வெவ்வேறுதான். ஆனால் 7 பகா எண். பெட்டியாகப் பிரிக்க முடியாது. 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை குளத்திலிருந்து வெளியே வந்து, கடைசியாக 2019-ல் தரிசனம் தந்த அத்திவரதர், சுடோகு பெட்டிக்குள் வர மறுக்கிறார்.

ஏகாம்பரநாதர்: ஏ, கா, ம், ப, ர, நா, த, ர். 8 எழுத்து. 2x4 பெட்டிகள்.

வரதராஜப் பெருமாள்: 10 எழுத்து. 2x5 பெட்டிகள். நடுவில் இருக்கும் 'ப்' என்ற ஒற்றை விட்டுவிட்டால் 9 ஆகி, வழக்கமான கட்டத்துக்குள் வந்துவிடும். ஆனால் தமிழ் ஆசிரியர் சிவப்பு மையைத் திறந்துவிடுவார்!

ஒரு புதிர் போட்டுப் பார்க்கலாமா?

காஞ்சிபுரம் என்ற 6 எழுத்தில் ஒரு புதிர் இதோ. ஒவ்வொரு வரிசையிலும், மேலிருந்து கீழாக வரும் ஒவ்வொரு நெடுவரிசையிலும், 2x3 அளவுள்ள ஒவ்வொரு பெட்டியிலும் கா, ஞ், சி, பு, ர, ம் ஆகிய ஆறும் ஒரு முறை மட்டும் வர வேண்டும். இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலை வரை படித்தால் 'காஞ்சிபுரம்' வரும்.

_  பு  _  |  ம்  _  _
சி  _  _  |  _  _  ர
- - - - - - - - - -
_  கா  _  |  _  ம்  _
_  _  ஞ்  |  _  சி  _
- - - - - - - - - -
ம்  _  _  |  ஞ்  _  _
_  _  பு  |  _  கா  _

மூலைவிட்டத்தில் காஞ்சிபுரம் என்று இப்போதே எழுதிவிடாதீர்கள். அது இல்லாமல் எவ்வளவு தூரம் போக முடிகிறது என்று பார்ப்போம்.

வலது மேல் பெட்டியில் தொடங்கலாம். அங்கே 'சி' எங்கே வரும்? இரண்டாம் வரிசையில் ஏற்கெனவே 'சி' இருக்கிறது. அதனால் முதல் வரிசையில்தான். ஐந்தாம் நெடுவரிசையிலும் கீழே ஒரு 'சி' இருக்கிறது. மிச்சம் இருப்பது முதல் வரிசையின் கடைசிக் கட்டம்தான். அடுத்து 'கா'. ஐந்தாம் நெடுவரிசையின் அடியில் 'கா' இருப்பதால், அது இரண்டாம் வரிசையின் நான்காம் கட்டத்துக்குப் போகும். முதல் வரிசையில் 'பு' இருப்பதால் இந்தப் பெட்டியின் 'பு' இரண்டாம் வரிசைக்கு வரும். மிஞ்சிய கட்டம் 'ஞ்'. ஒரு பெட்டி முடிந்தது.

இரண்டாம் வரிசையில் இப்போது 'ஞ்', 'ம்' மட்டும் பாக்கி. மூன்றாம் நெடுவரிசையில் 'ஞ்' இருப்பதால் இரண்டாம் கட்டம் 'ஞ்', மூன்றாம் கட்டம் 'ம்'. இதே முறையில் நடு வரிசைகளுக்கு வந்தால், மூன்றாம் வரிசையில் சி, ஞ் இரண்டும், நான்காம் வரிசையில் ம், கா இரண்டும் தானாக உட்கார்ந்துவிடும்.

எண் சுடோகு ஆடிப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு தடுமாற்றம் வரும். எண்ணென்றால் 1, 2, 3 என்று மனசுக்குள் ஓட்டி, எது விட்டுப்போச்சு என்று உடனே சொல்லிவிடலாம். எழுத்துக்கு அந்த வரிசை இல்லை. அதனால் சொல்லை ஓரமாக எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவது நல்லது. கையெழுத்திலும் கவனம் வேண்டும். வேகமாக எழுதினால் துணைக்காலும் 'ர'வும் ஒன்றுபோலத் தெரியும். 'ஞ்', 'ம்' ஆகியவற்றின் புள்ளியை விட்டுவிட்டால் பிறகு நாமே குழம்பிப் போவோம்.

கடைசி நான்கு கட்டம்

இப்போது மூன்றாம், நான்காம் வரிசைகளில் நான்கு கட்டங்கள் மட்டும் காலி. இரண்டு வரிசைகளிலும் முதல் கட்டமும் நான்காம் கட்டமும். அவற்றுக்குள் வர வேண்டியவை 'பு', 'ர'. எது எங்கே என்று இப்போதைக்குத் தெரியாது.

தெரியாவிட்டாலும் ஒரு பயன் உண்டு. முதல் நெடுவரிசையின் 'பு', 'ர' இரண்டும் அந்த இரண்டு கட்டங்களுக்குள் அடங்கிவிட்டதால், அதே நெடுவரிசையின் உச்சியில் 'ர' வர முடியாது. அங்கே 'கா'தான். அதைப் பிடித்துக்கொண்டு போனால் கீழ்ப் பெட்டிகள் இரண்டும் முழுசாக நிரம்பிவிடும்.

கா  பு  ர  |  ம்  ஞ்  சி
சி  ஞ்  ம்  |  கா  பு  ர
- - - - - - - - - -
_  கா  சி  |  _  ம்  ஞ்
_  ம்  ஞ்  |  _  சி  கா
- - - - - - - - - -
ம்  சி  கா  |  ஞ்  ர  பு
ஞ்  ர  பு  |  சி  கா  ம்

அந்த நான்கு கட்டங்களை மறுபடி பாருங்கள். மூன்றாம் வரிசையில் முதலில் 'பு', பிறகு 'ர' போட்டு, நான்காம் வரிசையில் மாற்றிப் போட்டாலும் சட்டம் மீறப்படவில்லை. அப்படியே தலைகீழாகப் போட்டாலும் மீறப்படவில்லை. அதாவது இந்தப் புதிருக்கு இரண்டு விடை!

எண் சுடோகுவில் இது மன்னிக்க முடியாத தப்பு. ஒரே விடை இல்லாத புதிரை அச்சிட்டால், அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட வாசகர் கடைசியில் காசைச் சுண்டி முடிவெடுக்க வேண்டியதுதான்.

இங்கே அப்படி இல்லை. மூலைவிட்டத்தைப் படியுங்கள். கா, ஞ், சி, காலி, ர, ம். நடுவில் 'ர' போட்டால் 'காஞ்சிரரம்'. அப்படி ஓர் ஊர் இல்லை. 'பு' போட்டால்தான் காஞ்சிபுரம். கணக்கு கைவிட்ட இடத்தில் சொல் வந்து முடித்துவைக்கிறது.

இது ஏமாற்று வேலையா?

கறாரான சுடோகு ரசிகர்கள் ஆமாம் என்பார்கள். சொல் தெரியாதவருக்கும் தர்க்கத்தை மட்டும் வைத்து விடை வர வேண்டும், சொல் கடைசியில் கிடைக்கும் பரிசாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. அவர்களுக்காக இந்தப் புதிரைத் திருத்துவதும் எளிது. மூன்றாம் வரிசையின் முதல் கட்டத்தில் 'பு' என்று ஒரு குறிப்பை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் விடை ஒன்றுதான்.

ஆனால் பொருளையே திறவுகோலாக வைத்துக் கட்டங்களில் எழுத்தை அடுக்கும் விளையாட்டுக்கு இந்த ஊரில் வயது அதிகம். வடமொழியில் 'காவியாதர்சம்' என்ற இலக்கண நூலை எழுதிய தண்டி, பல்லவர் காலக் காஞ்சியில் வாழ்ந்தவர் என்பது அறிஞர்கள் பரவலாக ஏற்கும் கருத்து. முன்னும் பின்னும், மேலும் கீழும் எப்படிப் படித்தாலும் ஒரே பாட்டாக வரும் எழுத்துக் கட்டங்களைப் பற்றி அந்த நூல் பேசுகிறது. அதைத் தழுவித் தமிழில் வந்த 'தண்டியலங்காரம்' சித்திரகவி என்ற தலைப்பில் மாலைமாற்று, சுழிகுளம், சருப்பதோபத்திரம் என்று பட்டியலே போடுகிறது.

இதைவிட நெருக்கமான உதாரணம், சின்ன காஞ்சிபுரத்தை ஒட்டிய தூப்புலில் இருக்கிறது. வைணவ ஆசாரியரான வேதாந்த தேசிகர் பிறந்த இடம் அது. 1268-ல் பிறந்தவர் என்பது மரபு. ரங்கநாதரின் பாதுகைகளைப் போற்றி அவர் வடமொழியில் பாடிய 'பாதுகா ஸஹஸ்ரம்' 1008 பாடல்களைக் கொண்டது. அதில் சித்திரகவிக்கென்றே ஒரு பகுதி உண்டு.

அந்தப் பகுதியில் அடுத்தடுத்து வரும் இரண்டு பாடல்களில்தான் விளையாட்டு. முதல் பாடலின் 32 எழுத்துகளை, வரிசைக்கு 8 வீதம் 4 வரிசைகளாகக் கட்டத்தில் எழுத வேண்டும். சதுரங்கப் பலகையில் சரிபாதி. முதல் எழுத்தில் ஒரு குதிரையை நிறுத்தி, குதிரை தாவும் முறையிலேயே எல்லாக் கட்டங்களுக்கும் ஒரே ஒரு முறை போய் வர வேண்டும். அது தொட்ட எழுத்துகளை அந்த வரிசையில் எழுதினால் இரண்டாவது பாடல் கிடைக்கும்!

அரைப் பலகையில் குதிரை சுற்றி வர வழி பல உண்டு. சட்டப்படி எல்லாமே சரி. தேசிகர் மனதில் வைத்திருந்த வழி எது என்று காட்டிக்கொடுப்பது, பொருளோடு வரும் அந்த இரண்டாவது பாட்டுதான். நம் நான்கு கட்டப் பிரச்சினையில் 'காஞ்சிபுரம்' செய்த வேலையும் இதே மாதிரிதான்.

அதனால் இரண்டு வகையும் ஆடலாம். நிபந்தனை ஒன்றே ஒன்று. சொல்லை வைத்துத்தான் முடிக்க முடியும் என்றால், அதைப் புதிரின் தலைப்பிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் அது வாசகருக்குச் செய்யும் துரோகம்.

நீங்களே ஒன்று செய்யணுமா?

சுலபமான வழி இது. நேற்றைய பேப்பரில் வந்த 9x9 எண் சுடோகுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விடையில் ஏதாவது ஒரு வரிசையைத் தேர்ந்தெடுங்கள். அது 4, 9, 1, 6, 2, 8, 5, 3, 7 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 4-க்கு 'பெ', 9-க்கு 'ரி', 1-க்கு 'ய' என்று வரிசையாக, 7-க்கு 'ம்' வரை கொடுங்கள். பிறகு புதிரில் 4 இருக்கும் இடமெல்லாம் 'பெ', 9 இருக்கும் இடமெல்லாம் 'ரி' என்று மாற்றி எழுதுங்கள். அவ்ளோதான். பழைய புதிருக்கு ஒரே விடை என்றால் புதியதற்கும் ஒரே விடைதான். அந்த வரிசையில் 'பெரிய காஞ்சிபுரம்' ஒளிந்திருக்கும்.

தேர்ந்தெடுக்கும்போது, புதிரில் குறைவான குறிப்புகள் கொடுக்கப்பட்ட வரிசையாகப் பாருங்கள். ஏற்கெனவே ஐந்தாறு எழுத்து வெளியே தெரிந்தால் பார்த்த உடனே சொல் பிடிபட்டுவிடும்.

பிள்ளைகளோடு ஆடுவதாக இருந்தால் காமாட்சியில் தொடங்கி, காஞ்சிபுரத்துக்கு வந்து, பிறகு 9 எழுத்துக்குப் போகலாம். புதிரைப் போடுவதைவிட, தங்கள் பெயரிலும் ஊர்ப் பெயரிலும் எத்தனை எழுத்து, எது திரும்ப வருகிறது என்று அவர்கள் எண்ணும் நேரம்தான் பயனுள்ளது. புள்ளி வைத்த எழுத்தைத் தனியாக எண்ணக் கற்றுக்கொள்ள இதைவிட வலிக்காத வழி கிடையாது.

சின்ன காஞ்சிபுரத்துக்கு என்ன வழி?

வழி, பெயருக்குள்ளேயே இருக்கிறது. இன்று காஞ்சிபுரம் என்று குறிலாக எழுதுகிறோம். 'காஞ்சீபுரம்' என்று நெடிலாக எழுதும் வழக்கமும் உண்டு. பழைய புத்தகங்களைப் புரட்டினால் பார்க்கலாம்.

அந்த எழுத்துமுறையில் எண்ணிப் பாருங்கள். சி, ன், ன, கா, ஞ், சீ, பு, ர, ம். ஒன்பதும் வேறு வேறு. ஒரு சுழியைக் கூடப் போட்டதும் சின்ன காஞ்சியும் கட்டத்துக்குள் வந்துவிட்டது. ஆடும்போது 'சி', 'சீ' இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பாடு.